நடுவில் நிற்பவரை நீக்குதல்

பாட்டுக்கு முந்நூறு.
டூயட்டில் ஓர் ஆளை மட்டும் எடுக்க ஐந்நூறு.
பேப்பர் மில்ஸ் ரோட்டில், பழைய இரும்புக் கடைக்கு மேலே
ஏணி மாதிரி நிற்கும் பதினான்கு படி ஏறினால் நான்.

எல்ஐசி ஏஜெண்ட் ஒருவர்
ஆண் குரலை மட்டும் எடுக்கச் சொன்னார்.
மிச்சமிருக்கப்போகும் பெண் குரலுக்காக
சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார்.
பல் டாக்டர் கேட்டது வேறு:
"சுத்தமா எடுத்துடாதீங்க. பின்னாடி லேசா இருக்கட்டும்.
நான் விட்டா அவர் புடிச்சுக்குவாரு."

கருவாட்டுக் குழம்பிலிருந்து கருவாட்டை எடுத்துவிடலாம்,
வாசனையை என்ன செய்வது?
தொழிலுக்கு வந்த புதிதில் இதே கவலை.
பாடகர் போய்விடுவார்.
அவர் நின்ற அறையின் எதிரொலி போகாது.
ஸகரமெல்லாம் பல்லிடுக்குக் கீரையாக
வயலினுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்.
இப்போது மென்பொருள் இருக்கிறது.
குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள்
குரல் ஒரு தட்டில், தாளம் ஒரு தட்டில்,
மற்றதெல்லாம் இன்னொன்றில்.

ஆடிக் கூழுக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கி
தெருவையே விழுங்கிக்கொண்டிருந்த மாலையில்
ஃபிலோமினா அம்மா வந்தார்,
ரேஷன் பையில் உறையில்லாத ஒரு கேசட்டோடு.
"எண்பத்தாறுல எடுத்த படம், தம்பி. படம் வரல. பாட்டு வந்துச்சு.
பாடினவரை எடுத்துடுங்க."
எத்தனை கட்டை இறக்கட்டும் என்றேன்.
"நான் பாட வரல. கேக்க வந்தேன்.
ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி பதினோரு செகண்டு
நாலு பொண்ணுங்க 'ஆ' சொல்லுவோம்.
அது மேலயே அவர் ஆலாபனை பண்ணி மூடிட்டாரு."

எந்திரத்துக்குத் தொண்டை என்றால் தொண்டை.
பேர் அச்சான தொண்டை, ஆகாத தொண்டை
அதற்குத் தெரியாது.
அவரைத் தூக்கும்போது நால்வரையும் சேர்த்தே தூக்கியது.
பதினோரு நொடியும் வயலின்கள் மட்டும்,
ஆள் வராத கல்யாணத்தில்
பந்தி விசாரிப்பது போல.

மூன்று மென்பொருள். இரண்டு இரவு.
நடுவில் கரண்ட் போய் யூபிஎஸ் அழுதது.
அப்புறம்தான் தோன்றியது அந்தப் பழைய முரட்டு வழி:
இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழி.
இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பது பூஜ்ஜியம்.
நடுவில் நிற்பவர் காணாமல் போவார்,
ஓரத்தில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது.

அன்றைக்கு யார் எங்கே நிறுத்தினார்களோ,
இந்த நால்வரையும்
இரண்டிரண்டாகச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள்.
அந்த ஒதுக்கல் காப்பாற்றிவிட்டது.

பாட்டு நொண்டியாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.
நடுவிலிருந்த தபேலா போச்சு. பேஸ் கிடார் போச்சு.
தகர டப்பாவுக்குள் நடக்கும் கச்சேரி மாதிரி ஒரு சத்தம்.
அந்தப் பதினோரு நொடி மட்டும்
நான்கு மூச்சோடு முழுசாக இருந்தது.

ஹெட்போனைக் கொண்டைக்கு மேலே சரிசெய்துகொண்டார்.
"மூணாவது நான்."
மறுபடி போட்டேன்.
"இல்ல, ரெண்டாவது."
மறுபடி. இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.
திரையில் ஓடும் பச்சைக் கோட்டையே பார்த்தார்.
அடுத்த முறை, ஏழாவது நொடியில்,
யாரோ செருமியது அவர் காதில் பட்டுவிட்டது.
"ஜெயசீலி!" என்று சிரித்தார்,
ஹெட்போனுக்குள் இருப்பவர்கள் பேசுகிற சத்தத்தில்.
"அன்னிக்கு அவளுக்கு ஜுரம்.
ரிக்‌ஷாவுல போர்வையோட கூட்டிட்டுப் போனோம்."
தன் குரல் எதுவென்று
அதற்குப் பிறகு அவர் தேடவில்லை.

ஃபைலுக்கு என்ன பேர் வைக்க என்று கேட்டேன்.
வழக்கமாகப் பாட்டின் முதல் வரி, பாடினவர் பேர், அவ்வளவுதான்.
விரல் மடக்கிச் சொன்னார்:
ஃபிலோமினா. ஜெயசீலி. சந்தானலட்சுமி.
நாலாவது விரல் மடங்காமல் நின்றது.
"அயனாவரத்துலருந்து வருவா...
கனகாம்பரம் வெச்சுக்கிட்டு...
வாயில இருக்கு, தம்பி."
கீழே இரும்புக் கடையில் எடைக்கல்லை மாற்றி மாற்றி
வைத்துக்கொண்டிருந்தார்கள்.
கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு
நான் தட்டினேன்:
ஃபிலோமினா_ஜெயசீலி_சந்தானலட்சுமி_கனகாம்பரம்.
பென் டிரைவில் ஏறிவிட்டது.