சேமிப்பு என்ற சொல்

மாரிக்கா கதவுக் கைப்பிடி விற்கிறாள்,
தார்த்து நகரில், ஆற்றுப்பாலம் தாண்டி இரண்டாவது சந்தில்.
பித்தளை, இரும்பு, சாம்பல்நிறப் பீங்கான்.
நான் அவளுக்குக் கணக்கு எழுதுபவன்.
மூன்று மாதத்துக்கொரு முறை
பனியில் நனைந்த பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
உள்ளே போய்க் கெட்ட செய்தி சொல்வேன்.

அந்த முறை அவள் முந்திக்கொண்டாள்.
"நாலாயிரத்து இருநூறு சேமிப்பு, தொனு!"
ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது.
எனக்குத் தெரிந்த சேமிப்பு வங்கியில் கிடக்கும்,
வாய் திறக்காமல், குட்டி போட்டுக்கொண்டு.
அவள் காட்டியது ஒரு படம்.

மஞ்சள் கதவு. கீழே ஈரமான பூட்ஸ் ஒரு ஜோடி.
ஓரத்தில், தேடினால் தெரியும், பீங்கான் கைப்பிடி.
முன்பின் அறியாத நாலாயிரத்து இருநூறு பேர்
ஆளுக்கொரு பலகையில் அதைக் குத்திவைத்திருக்கிறார்கள்.
பலகைகளின் பெயர்களைப் படித்துப் பார்த்தேன்:
மஞ்சள்.
என்றாவது.
மழைநாள்.
விவாகரத்துக்குப் பிறகு வீடு.
ஒன்றுக்குப் பெயரே இல்லை, வெறும் புள்ளி.
கைப்பிடி என்று ஒருவர்கூட எழுதவில்லை.

செலவு:
படமெடுத்த உக்குவுக்கு நூற்றெண்பது யூரோ,
மஞ்சள் பெயின்ட் முப்பத்தாறு.
பூட்ஸ் என்னுடையது, வாடகை தரப்படவில்லை.
வாரத்தில் ஆறு மணிநேரம் அவள் திரைமுன் குனிந்திருந்தது
எந்தத் தலைப்பின் கீழும் அடங்கவில்லை.
வரவு:
படத்தைப் பார்த்து வந்தவர்கள் மூன்று பேர்.
ஒருவர் வாங்கினார்.
ஒருவர் வாங்கித் திருப்பி அனுப்பினார்.
மூன்றாமவர் கேட்டது, பூட்ஸ் எங்கே கிடைக்கும் என்று.

மூடிவிடு என்றேன்.
"ஜன்னலில் நின்று பார்ப்பவரிடம் காசு கேட்பாயா?" என்றாள்.
முடிந்தால் கேட்பேன் என்றேன்.
அவள் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி
என் பக்கம் தள்ளினாள். பேச்சு முடிந்தது என்று பொருள்.

அடுத்த காலாண்டிலும் மூடிவிடு என்றேன்.
அதற்கடுத்த வருடமும்.
அவள் படங்களை ஏற்றிக்கொண்டே இருந்தாள்,
நீலக் கதவு, கதவே இல்லாத சுவர்,
ஒருமுறை தன் கையை மட்டும்.

மூன்றாம் வருடப் பிப்ரவரி, ரீகாவிலிருந்து ஒரு கடிதம்.
வினேதா என்று கையெழுத்து.
"இதைச் சேமித்தபோது நான் இருந்தது
திரைச்சீலை தொங்கிய அரை அறை.
எனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது.
இப்போது வீடு எழும்பிவிட்டது.
இருபத்திரண்டு வேண்டும். அதே பீங்கான்.
வேறு மாதிரி இருந்தால் வேண்டாம்."

அந்த மாதிரியை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.
கிடங்கில் பத்தொன்பது கிடைத்தன.
மாரிக்கா திருகாணிக் கருவியை எடுத்தாள்.
கடை வாசல் ஒன்று, கிடங்கு ஒன்று, கழிவறை ஒன்று.
அன்றுமுதல் அந்தக் கழிவறைக்குப் போவதென்றால்
முதலில் இடுக்கி தேட வேண்டும்.

இருபத்திரண்டு, ஒன்று நாற்பத்தொரு யூரோ.
தொள்ளாயிரத்து இரண்டு.
மூன்று வருடம், வாரம் ஆறு மணி,
தொள்ளாயிரத்து முப்பத்தாறு மணிநேரம்.
மணிக்கு ஒரு யூரோகூடத் தேறவில்லை.
சொன்னேன்.
அவள் கடிதத்தை இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு, சரிபார்க்கத்தான், அங்கே நுழைந்தேன்.
"உங்களுக்குக் கணக்கு இல்லையா?" என்று கேட்டது,
முப்பது வருடமாகக் கணக்கு எழுதும் என்னை.
தொடங்கினேன்.
ஏதோ ஊரில் யாரோ விற்கும் விறகடுப்பு,
பச்சை ஓடு பதித்தது, பக்கத்தில் தூங்கும் நாய்.
நான் இருப்பது நாலாவது மாடி, மத்திய வெப்பம்.
என் வீட்டில் புகைபோக்கிக்கு இடமில்லை.

இருந்தும் விரல் போய் அழுத்திவிட்டது.
பலகைக்குப் பெயர் கேட்டது. புள்ளி வைத்தேன்.

அந்த அடுப்புக்கடையிலும் ஒருவன் இருப்பான்,
ஈர பூட்ஸும் சிவப்புப் பேனாவுமாக,
என்னையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து
மூடிவிடு என்று சொல்லிக்கொண்டிருப்பான்.
கொஞ்சம் பொறு என்று
அவனுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை.