இருபத்திரண்டாம் உருப்படி

பொஸ்நானில் நவம்பர் பதினொன்று.
பெருவாத்து வெந்து, தோல் முறுகி
மேசைக்கு வந்துவிட்டது.
நீளக் கத்தியை விதோல்ட் கொண்டுபோய்விட்டான்:
விவாகரத்துப் பட்டியலில்
இருபத்திரண்டாம் உருப்படி.

ரொட்டிக் கத்தி தோலைப் பிறாண்டியது.
மின்கத்தி ஒரு கணம் அலறி
நெஞ்செலும்பில் சிக்கி நின்றது.
அக்கா கணவர் எழுந்தார், “நான் வேண்டுமானால்…”
“உட்காருங்கள்” என்றாள் யாட்விகா.

கொல்லையில் ரோஜா நறுக்கும் கத்தரி.
கொதிநீரில் போட்டு எடுத்தாள்.
தொடையை வெளிப்பக்கம் மடக்கி
விரலால் தடவித் தேடினாள்,
எலும்பை எலும்பு விட்டுக்கொடுக்கும்
அந்த மெத்தென்ற இடத்தை.

நறுக்.

கொழுப்பு மணிக்கட்டில் வழிய
அடுத்த தொடைக்குப் போனாள்.
பதினெட்டு வருடம்
விதோல்ட் மூட்டைத் தேடியதே இல்லை.
எலும்பைத்தான் அறுத்தான்.

அக்கா கணவர்
தட்டை நீட்டினார்.