பிறகு நினைவூட்டு

காலை பத்தே காலுக்கு,
ஷட்டரைத் தூக்கி விசிறியைப் போட்டதும்
திரையின் வலது மூலையில்
நீலமாய் எட்டிப் பார்க்கும்:
உங்கள் கணினிக்குப் புதிய பதிப்பு தயார்.
இப்போதா, இரவிலா, பிறகா?
கடைக்கு வருகிற எவரும்
இத்தனை பணிவாய் என்னைக் கேட்டதில்லை.

பிறகு.

ஜெலுத்தோங்கில் நம்பர் பிளேட் கடை.
கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து,
பீ-யில் தொடங்கி நாலு எண்ணில் முடிகிற
பினாங்கு வண்டிகளின் பெயர்கள்.
ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம்
பதினான்கு வருடமாய் என்னுடன்.
அதன் டிரைவர் ஒரு குறுந்தட்டில்.
தட்டின் மேல் மார்க்கர் பேனாவால்
"தொலைக்காதே" என்று எழுதியது நான்தான்.
செய்த கம்பெனி இப்போது
மீன்தொட்டி விளக்கு விற்கிறதாம்.

கொம்தார் இரண்டாம் மாடியில்
மடிக்கணினி ஒன்றின் வயிற்றைத் திறந்தபடி
கெங் ஹூய் சொன்னான்:
"போலே லா, அக்கா. தாப்பி..."
தாப்பி என்றால் மலாய் மொழியில் ஆனால்.
என் காதில் அது எப்போதும்
தப்பி என்றே விழும்,
தப்பித் தவறி என்கிறோமே, அந்தத் தப்பி.

புதியது ஏறினால்
வெட்டும் இயந்திரத்தை அதற்கு அடையாளம் தெரியாது.
ஏற்றாவிட்டால்
அக்டோபருக்குப் பின் ஓட்டை அடைக்க ஆள் வராது.
வங்கிக் கணக்கும் அதில்தானே, அக்கா?
புது இயந்திரம் எண்ணாயிரம் வெள்ளி.
அதையும் அவனே விற்கிறான்.

அன்றிரவு பில் புத்தகத்தின் பின்னட்டையில்
கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன்.
மாற்றாதிருக்கக் காரணங்கள்: பதினொன்று.
மாற்றக் காரணம் ஒன்றே ஒன்று: பயம்.
திரும்பப் படித்தால்
அந்தப் பதினொன்றும் அதுவேதான்,
கொஞ்சம் கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளுக்குப்
பழமொழி உண்டு நம்மிடம்.
புருஷனை நம்பி
அரசனைக் கைவிட்டவளுக்கு என்ன ஆயிற்று?
அதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வியாழன்.
தட்சிணாமூர்த்தியின் மூன்று லாரிகளுக்கு ஆறு பலகை.
அவர் ஸ்டூலில் உட்கார்ந்து
சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.
நாலாவதில் வெட்டு நின்றது.
திரை தானாகவே பேசியது:
இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏழு சதவீதம்.

நான் கேட்டேனா?

மேசைக்கடியில் தவழ்ந்துபோய்
வலை வயரைப் பிடுங்கினேன்.
கையில் அது பல்லி வால் போலத்
துடித்ததாகத் தோன்றியது.
"என்ன தங்கச்சி, எலியா?" என்றார்.

அதற்கப்புறம் வங்கி
என் கைப்பேசிக்குக் குடிபோனது.
டிசைன்கள் பென் டிரைவில் வருகின்றன,
சாப்பாட்டுக் கேரியர் மாதிரி.
வெட்டும் இயந்திரம் பழையபடி முனகுகிறது.
எல்லாம் நடக்கிறது.

பத்தே காலுக்கு மூலை காலி.
இப்போதா, இரவிலா என்று
கேட்பாரில்லை.
மூன்றாம் நாள், சும்மாதான்,
அம்பைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவைத்தேன்.

நேற்று ஹஸ்னுல், சாப்பாடு டெலிவரி செய்கிறவன்,
ரசீதை வாங்கித் தன் கைப்பேசியோடு ஒப்பிட்டான்.
"காக், உங்கள் கடை நாலு நிமிடம் பின்னால்."
உண்மைதான். வலையில் இல்லாத பெட்டிக்கு
மணி சொல்ல யாருமில்லை.
தினம் கொஞ்சமாய்த் தங்கிவிடுகிறது.

திருத்த ஒரு நொடி போதும்.
கடிகாரத்தின் மேல் அம்பு நின்றது.
வெளியே வெயில், பேருந்து, பள்ளி விட்ட சத்தம்,
எல்லாம் நாலு நிமிடம் முன்னால்
போய்க்கொண்டிருந்தன.

பிறகு, என்றேன்,
யாரும் கேட்காமலேயே.