கீழிருந்து ஐந்து

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது
மழை பெய்யும் ஊர்களின் புலம்பல்.
லிமாவில் மழை என்று ஒன்று வருவதில்லை.
தூவானம் மட்டும்,
ஜூன் தொடங்கி அக்டோபர் வரை,
வராத விருந்தாளி விட்டுப்போன ஈரச் செருப்புபோல.

என் வேலை இது:
எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு ராடார்
கீழே குனிந்து ஒரு சொடுக்குப் போடுகிறது.
மேகம் முனகுகிறது.
தரையோ தொண்டை கிழியக் கத்துகிறது.
அந்தக் கத்தலில் கடைசி ஒரு கிலோமீட்டர்
என்ன சொன்னாலும் காதில் விழாது.
ஆகவே கோப்பைத் திறந்ததும்
ஒவ்வொரு நெடுக்குக் கோட்டிலும்
கீழிருந்து ஐந்து கட்டங்களை வெட்டிவிடுவேன்.
நேர்மையான வெட்டு.
பொய்யான எண்ணுக்கு வெற்றிடம் மேல்.

மாலையில் பேருந்து வீயா மரியா மேட்டில் ஏறும்.
மூன்றாம் வளைவில் கண்ணாடி வியர்க்கும்,
நான்காவதில் ஓட்டுநர் துடைப்பானைப் போடுவார்,
அதற்குமேல் சாலை இல்லை,
இருநூற்றுப் பதினோரு படிகள்.
கடலிலிருந்து எண்ணினால்
என் வீடு மூன்றாம் கட்டம்.

பக்கத்துக் கசில்டா
இரண்டு கழிகளுக்கு இடையே கறுப்பு வலை கட்டியிருக்கிறாள்.
மீனுக்கு அல்ல.
மேகம் வந்து மாட்டும், சொட்டும்,
குழாய்வழி நீலப் பீப்பாய்க்குள் இறங்கும்.
விரல்முட்டியால் தட்டி அளவு சொல்வாள்.
"உன் செயற்கைக்கோள் இன்றைக்கு என்ன சொன்னது?"
ஒன்றும் சொல்லவில்லை.
"மழை இல்லை என்றதா?"
இல்லை என்றும் சொல்லவில்லை, கசில்டா.
"ஊமையா?"
வாளியை எடுத்துக்கொண்டு அவரைச் செடிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் ஒருநாள் காய்ச்சல், விடுப்பு.
ஒன்றரை மணிக்கு அது எங்கள் தலைக்குமேல் கடக்கும் நாள்.
போர்வையோடு கூரைக்கு ஏறினேன்.
ஊசிமுனைச் சாரல்,
விழுகிறதா மிதக்கிறதா
அதற்கே தெரியாத மாதிரி.
கொடியில் மூன்று நாளாய்க் காயாத சட்டை.
எதிர்வீட்டு நாய் ஒருதரம் உடலை உதறியது.
கையை நீட்டினேன், உள்ளங்கை மேலாக,
சோதனைச் சாவடியில் நிற்பவளைப்போல.
அவ்வளவுதான்.
நான் இரண்டு தும்மல் போடுவதற்குள்
அது லிமாவையே தாண்டியிருக்கும்.

வியாழனன்று அந்தக் கோப்பு வந்தது.
எங்கள் மேடு இருக்குமிடத்தில்
அடியில் தடித்த வெள்ளைப் பட்டை.
மேலே துடைத்துவைத்த வானம்.
அந்த வெள்ளைக்குள் எங்கோ
சட்டை, நாய், முக்கால் நிறைந்த பீப்பாய்,
ஒரு கை.

ஒரு கட்டத்தையாவது விட்டுவைக்கலாமா என்றிருந்தது.
ஆனால் அங்கே ஒளிர்வது கசில்டாவின் தண்ணீர் அல்ல,
கத்துகிற பாறை.
இரண்டையும் பிரித்துச் சொல்ல
எனக்குத் தெரியாது, அதற்கும் தெரியாது.

வெட்டினேன். ஐந்து.

காலையில் படியிறங்கியபோது நனைந்த முடி
இன்னும் காயவில்லை.
விசைப்பலகையில் ஒரு சொட்டு.