நூற்றைம்பதுக்கு ஒன்று

கொருக்குப்பேட்டைக்குச் சரிவு கிடையாது.
யாரோ ரசமட்டம் வைத்துப் பார்த்து
திருப்தியாக எழுந்து போன தரை.
கழிவுநீருக்குச் சரிவு வேண்டும்.
நூற்றைம்பது மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்க வேண்டும்,
இல்லையென்றால் நின்றுவிடும்,
என் மேசையில் நிற்கும் கோப்பு மாதிரி.

அதனால் தோண்டுகிறோம்.
தெருமுனையில் ஒன்றே கால் மீட்டர்,
ரயில்வே கேட் பக்கம் மூன்றரை.
இரண்டுக்குள்ளேயே உப்புத் தண்ணீர் ஊறுகிறது.
ராத்திரி முழுக்க மோட்டார் இருமுகிறது.
சரக்கு ரயில் போகும்போதெல்லாம்
குழியின் ஓரம் ஒரு பிடி மண்ணை உள்ளே விடுகிறது.

வரைபடத்தில் இங்கே ஒரே குழாய், நீலக் கோடு.
ஜேசிபியின் பல் பட்டதும்
வார்ப்பிரும்பு ஒன்று, பிவிசி இரண்டு,
எந்த இலாகாவும் சொந்தம் கொண்டாடாத கேபிள்,
அதற்கும் கீழே
செங்கல் அடுக்கிய பழைய சாக்கடை, முட்டை வடிவில்.
சூப்பர்வைசர் இருதயராஜ் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"எல்லாரும் இங்கதான் வந்து படுத்திருக்காங்க மேடம்."

ஒன்பதாம் நம்பர் ஷம்ஷாத்
மூன்று முறை புகார் கொடுத்தவள்.
மூன்று முறையும் நான் போனேன்.
குப்பியில் மூன்று சொட்டு விட்டேன்,
மஞ்சள் வந்தது.
'குளோரின் உண்டு, திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
நான்காம் முறை அவள் புகார் கொடுக்கவில்லை.
குழிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்:

"முதல் அஞ்சு குடம் தெருவுக்கு.
ஆறாவதுதான் எங்களுக்கு.
நீங்க எப்பவும் ஆறாவது குடத்துக்குத்தான் வர்றீங்க."

மறுமுறை தண்ணீர் விடும் நாளில்
மூன்றே முக்காலுக்கே போய் நின்றேன்.
தெருவில் அடிபம்புகள் ஒவ்வொன்றாக விக்க ஆரம்பித்தன.
முதல் குடம்.
நிறம் பார்க்கவே தேவையில்லை, மூக்கு போதும்.
இருந்தும் மூன்று சொட்டு விட்டேன்.
மஞ்சள் வரவில்லை.
'இல்லை' என்று எழுதினேன்.
குடித்துப் பாருங்கள் என்று அவள் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

தண்ணீர் வராத நேரத்திலும் குழாய் சும்மா இருப்பதில்லை.
காலியானதும் உறிஞ்சுகிறது,
ஈய மூட்டு விட்ட இடத்தில், பக்கத்தில் எது இருக்கிறதோ அதை.
பாடப்புத்தகத்தில் ஒரு வரி இது.
தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மண்டல அலுவலகத்தில் சுவரில் ஒரு படம்.
இந்தத் தெருவேதான்:
நிழல் மரம், கல் பெஞ்சு, சாம்பல் நிற டைல்ஸ்,
காப்பிக் கோப்பையோடு நடக்கும் ஒரு பெண்.
அவள் வீட்டில் எந்தக் குடத்திலிருந்து காப்பி போடுகிறார்கள்
என்று படத்தில் இல்லை.
பதினைந்தாம் தேதி திறப்பு.
"மேல முடிச்சிடுங்க, கீழ அப்புறம் பார்த்துக்கலாம்."

டைல்ஸ் வந்து இறங்கி ஷம்ஷாத் வாசலில் அடுக்கியிருந்தது.
அதன் மேல் உட்கார்ந்து இரண்டு பையன்கள் கேரம் ஆடினார்கள்.
நான் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்:
குழாய் மாற்றாமல் டைல்ஸ் பதிக்க இயலாது.
மேல்நோக்கிப் போகும் எதற்கும் பம்பு வேண்டும்.
பதினொரு நாள் ஆனது.
திறப்புத் தேதி தள்ளிப்போனது.
எனக்கு ஒரு மெமோ வந்தது.

அளவுப் புத்தகத்தில்:
நூற்றைம்பது மில்லிமீட்டர் குழாய்,
நீளம் நான்கு மீட்டர் இருபது,
வீட்டு இணைப்பு பதினேழு.
அவ்வளவுதான் அதில் எழுத முடியும்.

முடிந்த பின் ஒரு நாள் நாலு மணிக்குப் போனேன்.
குப்பியில் மஞ்சள், முதல் குடத்திலேயே.
ஷம்ஷாத் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
குடத்தைத் தூக்கித் தெருவில் கவிழ்த்தாள்.
இரண்டாவதைக் கொஞ்ச நேரம் இடுப்பிலேயே வைத்திருந்து
உள்ளே எடுத்துப் போனாள்.

கவிழ்த்த தண்ணீர் புது டைல்ஸ் மேல்
வடிகால் பக்கம் போகாமல்
அப்படியே நின்றது.

இருதயராஜுக்கு போன் போட்டேன்.