செவ்வாய்க்கிழமைப் பொத்தான்

வால்பராய்சோவில் இழுவைப்பெட்டி பழுதாகி
இன்று பதினோராவது நாள்.
குன்றின் உச்சியிலிருக்கும் எங்கள் சுகாதார நிலையத்துக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு படிகள்.
கால் சரியில்லாதவர்கள்தான்
அத்தனையும் ஏறி வர வேண்டும்.
நான் கட்டியதல்ல இந்த ஊர்.

யார் முன்னே, யார் பின்னே என்று
வாசலில் உட்கார்ந்து சொல்வது என் வேலை.
முகம் பொய் சொல்லும்.
நான் நடையைப் பார்ப்பேன்.

இஸ்மேனியா, துறைமுகச் சாப்பாட்டுக்கடையில் பரிமாறுபவள்:
“விடிந்ததும் வைக்கிற முதல் அடி
கண்ணாடித் துண்டின்மேல் வைக்கிற மாதிரி.
பத்து அடி போனால் பழகிவிடுகிறது.”
குதிகால்.
கட்டிலைவிட்டு இறங்குமுன் பாதத்தை மடக்கி இழுக்கச் சொன்னேன்,
தேய்ந்த அந்தச் செருப்பைத் தலையைச் சுற்றி எறியச் சொன்னேன்.
வாரக்கணக்கில் விடாவிட்டால் வா என்றேன்.
“வந்துதானே இருக்கிறேன்,
மூன்றாவது மாதம்.”
சரி, உட்கார்.

சிலிண்டர் சுமக்கும் எலியோதோரோவுக்கு
நள்ளிரவில் பெருவிரல் பற்றிக்கொண்டதாம்.
போர்வை உரசினாலே உயிர் போகிறதாம்.
தக்காளி மாதிரி இருந்தது கணு.
காய்ச்சல்? இல்லை.
நேற்று? தங்கை கல்யாணம்.
சொல்லவே வேண்டாம், உட்கார்.

நாவெல், பதினாலு வயது,
பந்தை விட்டுவிட்டுக் குழியை உதைத்திருக்கிறான்.
கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில்.
முதுகில் சுமந்துவந்த அப்பா
மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்,
“சுளுக்குத்தான், நீவினால் போகும்.”
நீவாதீர்கள்.
தம்பி, நாலு எட்டு வை பார்ப்போம்.
இரண்டு வைத்தான்.
மூன்றாவதற்குச் சுவரைப் பிடித்தான்.
எக்ஸ்ரே.

பிறகு ஓர்த்தென்சியா, ஆணிக்காலோடு,
அதை வீட்டிலேயே பிளேடால் சீவிய பெருமையோடு.
துணைக்கு வந்தவர் கணவர் பல்தோமெரோ.
“எனக்கென்ன, கல்லுக் கால்.
நாற்பது வருஷம் கப்பல் எஞ்சின் அறையில் நின்ற கால்.
எதுவும் வலிப்பதில்லை.”

எதுவுமேவா?

சர்க்கரை உண்டா என்றேன்.
உண்டு என்றார்,
வீட்டில் ஒரு பூனை உண்டு என்பதைப் போல.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.
அவர் நடந்த வழியெல்லாம்
வலது கால் பட்ட இடத்தில் மட்டும்
நாணயமளவு ஈரம்.
மழை பெய்து எட்டு நாளாகிறது.

காலணியைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
நீலப் பொத்தான் ஒன்று விழுந்து,
உருண்டு,
இஸ்மேனியாவின் காலடியில் படுத்தது.

“என் கோட்டுப் பொத்தான்!” என்றாள் ஓர்த்தென்சியா.
“செவ்வாய்க்கிழமையிலிருந்து தேடுகிறேன்.”
சொல்லி முடித்தபின்தான்
தான் சொன்னது அவளுக்கே கேட்டது.
இன்று திங்கள்.

உள்ளங்காலில் அதே வட்டத்தில் ஒரு குழி.
விளிம்பு வெளுத்து,
அதைத் தாண்டிச் சிவப்பு, புறங்காலில் ஏறத் தொடங்கியிருந்தது.
“வலிக்கவில்லையே” என்றார் மறுபடியும்,
இந்த முறை வேறு குரலில்.

எல்லோரையும் பின்னே தள்ளி அவரை உள்ளே அனுப்பினேன்.
“அலறுகிறவன் நான் இங்கே இருக்க…” என்றான் எலியோதோரோ.
அலறுகிறாயே, அதுதான் உன் அதிர்ஷ்டம்.
செருப்பு கடித்தால் கத்துகிற கால்
இன்னும் வீட்டில் ஆள் இருக்கிற கால்.
ஆளில்லாத வீட்டில்தான் திருடன்
சாவகாசமாகச் சமைத்துச் சாப்பிடுகிறான்.
இதைச் சொல்லவில்லை.
“வரிசை என்னுடையது” என்று மட்டும் சொன்னேன்.

நாற்காலியில் கட்டி
நாலு பேர் அவரைக் கீழே இறக்கினார்கள்,
படி படியாக, பெரிய ஆஸ்பத்திரிக்கு.
பின்னால் ஓர்த்தென்சியா,
ஆணிக்காலால் நொண்டிக்கொண்டு.
அதை யாரும் பார்க்கவில்லை. நானும்.

பொத்தான் என் மேசையில் இருக்கிறது.
யாரும் கேட்டு வரவில்லை இன்னும்.

மறுநாள் காலை
காலணி போடுமுன் கவிழ்த்துத் தட்டினேன்.
மணல்.
கொஞ்சம் மணல் மட்டும்.