வாளி நிறைய எத்தனை நொடி

விடிய அஞ்சரை. பேர் போடப் போகுமுன்
பீலிக்குக் கீழே வாளியை வைக்கிறேன்.
பத்து லீட்டர் பெயின்ட் வாளி,
விளிம்பில் இன்னும் துரை பங்களாவின் பச்சை.
போனில் நொடி ஓடுகிறது.

தை: நாற்பத்தொன்று.
மாசி: அறுபத்தெட்டு.
அட்டைகூட வெளியே வராத பங்குனியில்
மூன்று நிமிஷம் பத்து.

கொப்பியில் எழுதுகிறேன்.
தண்ணிக் கமிட்டிக்கு நான்தான் செக்ரட்டரி,
வேறு யாரும் கொப்பியை வாங்காததால்.

பிறகு ஒரு கோல். கீழே, லீக்ஸ் பாத்தி ஓரம்,
இதே ஓடையின் வாலைப் பிடித்திருக்கும் விமலாவதி.
"கீயத?" என்பாள்.
என் எண்ணை நான் தமிழில் சொல்வேன்,
தன்னுடையதை அவள் சிங்களத்தில்.
நூறு வரைக்கும் எங்களுக்குள் மொழிப் பிரச்சினை இல்லை.

முந்தின வருஷம் அவள் புருஷன் பம்ப் போட்டு இழுக்க,
மரியநேசன் ராத்திரியோடு குழாயை வெட்டினான்.
இரண்டு பக்கமும் பொலிஸ் வந்தது.
தண்ணி வரவில்லை.

ஊற்றின் தலைமாட்டில் டர்பன்டைன் மரங்கள்.
கம்பனி நட்டது, கம்பனி அடுப்புக்கு.
பதினெட்டு அடி தள்ளி நடச் சொல்லிக் கடிதம் போட்டோம்.
ஏழு மாசம் கழித்துப் பதில்: பன்னிரண்டு.
சரி, பன்னிரண்டு.
அந்தப் பன்னிரண்டில் மூங்கில் வைத்து,
ஆடு ஏறாமல் கம்பி கட்டினோம்.
ஆட்டுக்காரர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

வைகாசியில் ஒரே ராத்திரி கொட்டித் தீர்த்தது.
மண் சரியும் என்று பள்ளிக்கூடத்தில் படுத்தோம்,
மேசைகளை ஒதுக்கிவிட்டு, ஈரத் துணியோடு.
விடிந்து போய்ப் பார்த்தால்
வாளி நாலு நொடியில் நிறைகிறது,
பிளேன்டீ நிறத்தில்.
குடிக்க ஒரு கோப்பை இல்லை.
நாலு என்று எழுதக் கை வரவில்லை.
விமலாவதியும் அன்று எண் கேட்கவில்லை.
"இன்னவாத?" என்றாள்.
இருக்கிறேன் என்றேன்.

இப்போது மறுபடி தை.
லயத்துக்கு இருபது நிமிஷம்,
இருட்டினால் கீழ்க் கிராமத்துக்கு.
வால்வுச் சாவி மரியநேசனிடம்.
குழாயை வெட்டியவன்
ஒரு நிமிஷம் முந்துவதில்லை, பிந்துவதில்லை.
கூரைத் தகரத்து மழைக்கு இரண்டு பீப்பா வாங்கினோம்,
ஒன்று ஒழுகுகிறது.

இன்று ஐம்பத்திரண்டு.
போன தையைவிடப் பதினொன்று கூட,
அதாவது குறைவு.
மூங்கில் இன்னும் என் முழங்கால் உயரம்.
விமலாவதிக்குச் சொன்னேன்,
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை,
பிறகு அவள் எண்.

அளந்த தண்ணியைக் கொட்ட மனசு வராது.
காம்பராவுக்குத் தூக்கி வருகிறேன்,
ஐம்பத்திரண்டு நொடியை,
சிந்தாமல்.